ஜிஎன்யூ ரேடியோ: ரன் பட்டனை அழுத்துமுன் இணைப்புகளைச் சரிபார்ப்பது எப்படி?

கேள்வியின் சுருக்கம்: ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளை (யூஎஸ்பியில் செருகும் ரேடியோ ரிசீவர்) வைத்து எஃப்எம் கேட்க, ஜிஎன்யூ ரேடியோ என்ற சிக்னல் மென்பொருளின் வரைபடக் கருவியான கம்பேனியனில் ஒரு ஃப்ளோகிராஃப் (பிளாக்குகளைக் கோடுகளால் இணைத்த படம்) வரைந்திருக்கிறீர்கள். சோர்ஸில், அதாவது சிக்னல் உள்ளே வரும் பிளாக்கில், சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை சாம்பிள்) 2048000. அடுத்து லோ பாஸ் ஃபில்டர். அதன் டெசிமேஷன் (எத்தனை சாம்பிளுக்கு ஒன்றை வைத்துக்கொள்வது) கட்டத்தில் சாம்பிள் ரேட்டை 480000-ஆல் வகுத்து, வெளியே பைத்தானின் 'இன்ட்' போட்டிருக்கிறீர்கள். பிறகு எஃப்எம் சிக்னலை ஒலியாக்கும் டபிள்யூபிஎஃப்எம் ரிசீவ், அதன் உள்ளே வரும் ரேட்டான குவாட்ரேச்சர் ரேட் 480000, ஆடியோ டெசிமேஷன் 10. கடைசியில் 48000-இல் ஆடியோ சிங்க் (ஒலியை ஆடியோ கார்டுக்கு அனுப்பும் பிளாக்). பிழையைக் காட்டும் சிவப்பு எங்குமே இல்லை. ஆனால் ஓட்டினால் குரல் கட்டையாக வருகிறது, அதுவும் வெட்டி வெட்டி. டெர்மினலில் 'ஓ' எழுத்தாக வந்து குவிகிறது. இதை ஓட்டாமலேயே கண்டுபிடித்திருக்க முடியுமா?

முடியும். ஒரு தாளும் பேனாவும் போதும். சோர்ஸிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கோட்டின் மேலும் அதில் விநாடிக்கு எத்தனை சாம்பிள் போகிறது என்று எழுதிக்கொண்டே வாருங்கள். 2048000-ஐ 480000-ஆல் வகுத்தால் 4.27. 'இன்ட்' அந்தப் பின்னத்தை வெட்டி 4 ஆக்கிவிடும். ஆகவே ஃபில்டரிலிருந்து வெளியே வருவது 480000 இல்லை, 512000. அதைப் பத்தால் வகுத்தால் 51200. ஆடியோ கார்டு எடுத்துக்கொள்வதோ 48000-தான். விநாடிக்கு 3200 சாம்பிள் போக்கிடமில்லாமல் தேங்குகிறது. குரல் ஏறக்குறைய 6 சதவீதம் தாழ்ந்து ஒலிப்பது இதனால்தான். இசையில் சொன்னால் அரை ஸ்வரத்துக்குச் சற்று அதிகம். தேக்கம் பின்னோக்கி ஏறி டாங்கிள் வரை போனதும், சோர்ஸ் பிளாக் சாம்பிள்களைக் கீழே போடத் தொடங்குகிறது. போடும்போதெல்லாம் ஒரு 'ஓ' அச்சாகிறது. ஓவர்ஃப்ளோ என்பதன் முதலெழுத்து அது.

தீர்வு எளிது. சாம்பிள் ரேட்டை 1920000 ஆக்குங்கள். நாலால் வகுத்தால் 480000, பத்தால் வகுத்தால் 48000, மீதமே இல்லை. 2400000 வைத்து டெசிமேஷனை 5 ஆக்கினாலும் சரி. ஆர்டிஎல் சிப் ஏற்கும் வீச்சு 225001 முதல் 300000 வரை, பிறகு 900001 முதல் 3200000 வரை. 2400000-க்கு மேலே போனால் யூஎஸ்பியில் சாம்பிள் தவறத் தொடங்கலாம். புதிய ஃப்ளோகிராஃப் திறந்ததும் கூடவே வரும் சாம்பிள் ரேட் மாறியின் மதிப்பு 32000. அதை மாற்ற மறந்து டாங்கிளுக்குக் கொடுத்தால் இந்த வீச்சுக்குள் வராது. முதலில் பார்க்க வேண்டிய கட்டம் அது.

இனி, கம்பேனியன் எதைச் சரிபார்த்துத் தருகிறது, எதைப் பார்ப்பதே இல்லை என்று பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பிரிவினை மனதில் இருந்தால் சோதனை பாதி முடிந்த மாதிரி.

அது பார்ப்பது டேட்டா வகையையும் அளவையும். போர்ட்டின் நிறமே வகையைச் சொல்லும்: நீலம் காம்ப்ளெக்ஸ் (ஐ, க்யூ என்ற இரண்டு எண்கள் சேர்ந்தது), ஒரு சாம்பிளுக்கு 8 பைட், ஆரஞ்சு ஃப்ளோட் (தசம எண்), 4 பைட், நீலம் கலந்த பச்சை இன்ட் (முழு எண்), அதுவும் 4 பைட், மஞ்சள் ஷார்ட், 2 பைட், ஊதா பைட், 1. சாம்பல் நிறம் மெசேஜ் போர்ட் (தொடர் சாம்பிள்களுக்குப் பதில் தனித்தனிச் செய்திகள் போகும் வழி). ஹெல்ப் மெனுவில் டைப்ஸ் என்பதை அழுத்தினால் முழு நிறப் பட்டியலும் வரும். நிறம் பொருந்தாத இரு போர்ட்டுகளை இணைத்தால் கோடு சிவப்பாகும். இணைக்காமல் விட்ட போர்ட், தவறான மதிப்பு நிரப்பிய கட்டம் இருந்தால் பிளாக்கின் பெயர் சிவப்பாகும். டூல்பாரில் உள்ள எரர் பட்டனை அழுத்தினால் எந்த பிளாக்கில் என்ன குறை என்று வரிவரியாகச் சொல்லும். சிவப்பைப் பார்த்ததும் எதையாவது மாற்றிப் பார்க்கத் தோன்றும். அதற்கு முன் அந்த வரியைப் படித்துவிடுங்கள்.

பிளாக்கைத் தேர்ந்தெடுத்து மேல், கீழ் அம்பு விசைகளை அழுத்தினால் வகை மாறும். இந்த வசதியை யோசித்துப் பயன்படுத்த வேண்டும். சிவப்பு போக வேண்டும் என்பதற்காக மட்டும் வகையை மாற்றுவதும், கன்வர்ட்டர் பிளாக்கை நடுவில் செருகுவதும்தான் புதிதாகப் பழகுபவர்களின் ஃப்ளோகிராஃபில் அடிக்கடி காணும் கோளாறு. காம்ப்ளெக்ஸிலிருந்து ஃப்ளோட்டுக்குப் போக வேண்டும் என்றால் காம்ப்ளெக்ஸ் டு ரியல், காம்ப்ளெக்ஸ் டு மேக், குவாட்ரேச்சர் டிமாட் மூன்றுமே நீலத்தை ஆரஞ்சாக்கும். ஏஎம் சிக்னலுக்கு மேக் வேண்டும், எஃப்எம்முக்குக் குவாட்ரேச்சர் டிமாட் வேண்டும். தவறானதைப் போட்டாலும் கம்பேனியன் ஒன்றும் சொல்லாது.

ஃப்ளோட் டு ஷார்ட் இன்னும் நுட்பமான இடம். அதில் ஸ்கேல் என்று ஒரு கட்டம் இருக்கிறது, தொடக்க மதிப்பு 1. உங்கள் ஆடியோ −1-க்கும் +1-க்கும் இடையில் ஆடுகிறது. அதை முழு எண்ணாக்கினால் மிஞ்சுவது −1, 0, 1 என்ற மூன்றே மதிப்புகள். பதிவான கோப்பைக் கேட்டால் கரகரப்பு மட்டுமே இருக்கும். ஸ்கேலை 32767 ஆக்க வேண்டும். பைட்டாக மாற்றும் ஃப்ளோட் டு சார் பிளாக்கில் 127. ஃப்ளோட்டை முழு எண்ணாக்கும் பிளாக் எங்கே கண்ணில் பட்டாலும் திறந்து ஸ்கேலைப் பாருங்கள்.

ஊதா போர்ட்டுகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஒரு பைட்டில் 8 பிட்டையும் அடைத்து அனுப்பலாம், ஒரு பைட்டுக்கு ஒரு பிட் என்றும் அனுப்பலாம். இரண்டும் ஊதாதான். கான்ஸ்டலேஷன் மாடுலேட்டர் அடைத்த பைட்டை எதிர்பார்க்கும். சங்க்ஸ் டு சிம்பல்ஸ் பிரித்த துண்டுகளை எதிர்பார்க்கும். ஒரு சிம்பலுக்கு 2 பிட் அனுப்பும் க்யூபிஎஸ்கே முறை என்றால் நடுவில் ஒரு பேக்ட்-டு-அன்பேக்ட் பிளாக் இருந்து, துண்டுக்கு 2 பிட் என்று அதில் குறித்திருக்க வேண்டும்.

பைத்தானில் கையால் ஃப்ளோகிராஃப் எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நிறச் சோதனை கம்பேனியனுடையது. அடியில் இருக்கும் நூலகம் இணைக்கும்போது ஒப்பிடுவது ஒரு சாம்பிளுக்கு எத்தனை பைட் என்பதை மட்டுமே. இன்ட்டும் 4 பைட், ஃப்ளோட்டும் 4 பைட். ஆகவே இன்ட் வெளியீட்டை ஃப்ளோட் உள்ளீட்டில் நேராக இணைத்தால் பிழைச்செய்தி வராது. ஃப்ளோகிராஃப் அமைதியாக ஓடும், உள்ளே போவது குப்பை. கம்பேனியனில் இதே இணைப்பு உடனே சிவப்பாகியிருக்கும்.

வெக்டர் போர்ட்டுகளில், அதாவது பல சாம்பிள்களை ஒரே கட்டாக அனுப்பும் போர்ட்டுகளில், நீளமும் பொருந்த வேண்டும். ஸ்ட்ரீம் டு வெக்டர் 1024, சிக்னலை அலைவரிசைகளாகப் பிரிக்கும் எஃப்எஃப்டி 1024, அதற்கடுத்த காம்ப்ளெக்ஸ் டு மேக் பிளாக்கின் வெக்டர் நீளமும் 1024. மூன்றிலும் எண்ணைத் தனித்தனியாக எழுதாமல் ஒரே மாறியைப் போடுங்கள். எஃப்எஃப்டியின் விண்டோ கட்டத்துக்கும் அதே மாறி வேண்டும். எஃப்எஃப்டியை 2048 ஆக்கிவிட்டு விண்டோவை 1024-இலேயே விட்டால் வரைபடத்தில் சிவப்பு வராது. ஓட்டிய மறுகணம் பிழையோடு நிற்கும்.

கம்பேனியன் பார்க்காதவற்றில் முதலிடம் சாம்பிள் ரேட்டுக்குத்தான். சாம்பிள் ரேட் என்ற மாறி எதையும் ஓட்டுவதில்லை; அது ஒரு எண், அவ்வளவுதான். வேகத்தை நிர்ணயிப்பது ஹார்டுவேர், அது இல்லாத இடத்தில் சாம்பிள்களை மெதுவாக்கி விடும் த்ராட்டில் பிளாக். ஒரு கோட்டில் போவது ஃப்ளோட்டா காம்ப்ளெக்ஸா என்று கம்பேனியனுக்குத் தெரியும். விநாடிக்கு எத்தனை போகிறது என்று தெரியாது. அந்தக் கணக்கைச் செய்ய வேண்டியவர் நீங்கள்.

எண்ணை 1.92 பெருக்கல் பத்தின் அடுக்கு 6 என்ற வடிவில் எழுதினால் பைத்தானுக்கு அது ஃப்ளோட் எண். டெசிமேஷன் கட்டத்தில் அதை வகுத்துப் போட்டால், விடை முழுதாக இருந்தாலும் 4.0 என்றே வரும், கட்டம் சிவப்பாகும். இரட்டைச் சாய்கோடு போட்டாலும் 4.0-தான். அதற்காகத்தான் எல்லோரும் 'இன்ட்' போடுகிறோம். அதே 'இன்ட்'தான் 4.27-ஐயும் சத்தமில்லாமல் 4 ஆக்கி உங்கள் கோளாறை மறைத்தது. 'இன்ட்' எங்கே இருந்தாலும் உள்ளே உள்ள வகுத்தலைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். மீதமில்லாமல் வகுபடவில்லை என்றால், ரேட்டைப் பின்ன விகிதத்தில் மாற்றும் ரேஷனல் ரீசாம்ப்ளர் போடுங்கள்: 500000-இலிருந்து 48000-க்கு இன்டர்போலேஷன் 12, டெசிமேஷன் 125.

லோ பாஸ் ஃபில்டரின் சாம்பிள் ரேட் கட்டத்தில் உள்ளே வரும் ரேட்டைத்தான் போட வேண்டும், வெளியேறுவதை அல்ல. 1920000 வரும் இடத்தில் 480000 என்று எழுதிவிட்டீர்கள் என்று வையுங்கள். கட்ஆஃப் 100000 என்று கேட்டிருப்பீர்கள்; ஃபில்டரின் வடிவம் நாலு மடங்கு விரிந்து, உண்மையான கட்ஆஃப் 400000-இல் போய் நிற்கும். வெளியேறும் 480000-இல் பாதியான 240000-க்கு மேல் உள்ளதெல்லாம் மடங்கி உள்ளே விழும். பக்கத்து நிலையம் உங்கள் நிலையத்தின் மேல் ஏறிப் பாடும். அப்போது ஆன்டெனாவையும் கெயினையும் மாற்றிப் பார்த்துப் பயனில்லை.

டிரான்சிஷன் விட்த் (ஃபில்டர் கடத்துவதிலிருந்து தடுப்பதற்கு மாறும் அகலம்) கட்டத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹாமிங் விண்டோவுக்கு டேப் (ஃபில்டர் சாம்பிள்களைப் பெருக்கும் எண்கள்) எண்ணிக்கை ஏறக்குறைய 53 பெருக்கல் சாம்பிள் ரேட், அதை 22 பெருக்கல் டிரான்சிஷன் விட்த்தால் வகுத்தது. 1920000-க்கும் 20000-க்கும் 231 டேப் வரும். சாதாரண மடிக்கணினி தாங்கும். இரண்டு பூஜ்யம் குறைந்து 200 என்று விழுந்துவிட்டால் 23,000-ஐத் தாண்டும். கணினி திணறி மறுபடியும் 'ஓ' வரிசை. இம்முறை காரணம் வேறு, அறிகுறி அதே. அதனால்தான் ஓட்டிப் பார்த்து அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடுவதைவிட, ஓட்டுமுன் கணக்குப் போடுவது விரைவான வழி.

பைபாஸிலும் ஒரு கண்ணி உண்டு. பிளாக்கைத் தேர்ந்து 'பி' விசையை அழுத்தினால் அது மஞ்சளாகி, சிக்னல் அதைத் தாண்டிப் போகும். ஃபில்டர் இல்லாமல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வசதியான வழி. ஆனால் அந்த ஃபில்டருக்கு டெசிமேஷன் 4 இருந்தால், பைபாஸ் செய்த கணமே அதற்குப் பின்னால் எல்லாம் நாலு மடங்கு ரேட்டில் ஓடும். வகை பொருந்துவதால் சிவப்பு வராது. ஃபில்டரை நீக்கிப் பார்க்க வேண்டுமானால் அந்த இடத்தில் கீப் ஒன் இன் என் பிளாக்கை 4 என்று போடுங்கள்.

இரண்டு கிளைகள் மறுபடி சேரும் இடத்தை விரல் வைத்துப் பாருங்கள், ஏனென்றால் அங்கே ஃப்ளோகிராஃப் மொத்தமாக உறைந்துவிடலாம். ஒரு சோர்ஸிலிருந்து இரண்டு கோடு போகிறது. ஒன்று நேராக ஆட் பிளாக்கின் முதல் உள்ளீட்டுக்கு. மற்றது 5-ஆல் டெசிமேட் செய்யும் ஃபில்டர் வழியாக இரண்டாம் உள்ளீட்டுக்கு. ஆட் பிளாக் இரு பக்கமும் சம எண்ணிக்கையில்தான் எடுக்கும். ஃபில்டர் பக்கம் ஒரு சாம்பிள் வர, சோர்ஸ் ஐந்து தர வேண்டும். அந்த ஐந்தும் நேர்கோட்டிலும் வந்து சேர, அங்கே ஒன்று மட்டும் செலவாகி நாலு மிஞ்சும். இடையில் உள்ள பஃபர் வழக்கமாக 64 கிலோபைட், அதாவது 8192 காம்ப்ளெக்ஸ் சாம்பிள். சில மில்லிவிநாடிகளில் நேர்கோடு நிரம்பிவிடும். அந்த பஃபரை இரண்டு கிளைகளும் பகிர்ந்துகொள்வதால் சோர்ஸ் மேற்கொண்டு எழுத முடியாது. எழுதாததால் ஃபில்டருக்கு உணவில்லை. ஃபில்டர் தராததால் ஆட் பிளாக் நேர்கோட்டைக் காலி செய்யாது. எல்லாம் நிற்கும். பிழைச்செய்தி ஒன்றும் வராது, திரையில் வரைபடம் அசையாமல் இருக்கும். தாளில் அந்த இரண்டு கோடுகளின் மேல் ரேட் எழுதியிருந்தால், ஆட் பிளாக்கின் வாசலில் இரு வேறு எண்கள் பளிச்சென்று தெரிந்திருக்கும்.

ரேட் ஒன்றாக இருந்தாலும் தாமதம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 231 டேப் உள்ள சமச்சீர் ஃபில்டர் 115 சாம்பிள் தாமதப்படுத்தும். மற்றக் கிளையில் டிலே பிளாக் போட்டு அதே 115-ஐக் கொடுக்காமல் கழித்தலோ பெருக்கலோ செய்தால் விடை தவறும்.

சுற்றாக வரும் கோடுகளை ஜிஎன்யூ ரேடியோ ஏற்பதில்லை. வெளியீட்டைப் பின்னால் கொண்டுபோய் முந்தைய பிளாக்கில் இணைத்தால் வரைய முடியும், ஓட்டியதும் சுற்று இருப்பதாகச் சொல்லி நின்றுவிடும். பின்னூட்டம் வேண்டிய வேலையை ஒரே பிளாக்கினுள் எழுத வேண்டும், அல்லது மெசேஜ் வழியாகச் செய்ய வேண்டும்.

கடிகாரம் எத்தனை என்று எண்ணுங்கள். டாங்கிள், ஆடியோ சிங்க், த்ராட்டில் மூன்றும் வேகத்தைக் கட்டுப்படுத்தக் கூடியவை. ஹார்டுவேர் ஒன்றுகூட இல்லை என்றால் த்ராட்டில் ஒன்று கட்டாயம். ஹார்டுவேர் இருந்தால் த்ராட்டிலை எடுத்துவிடுங்கள். கோப்பைப் படித்து ஆடியோவில் கேட்கும் ஃப்ளோகிராஃபுக்கு ஆடியோ சிங்க் ஒன்றே போதும். டாங்கிளும் ஆடியோ சிங்க்கும் சேர்ந்திருப்பது தவிர்க்க முடியாதது. இரண்டு படிகங்களும் துல்லியமாக ஒத்துப்போகாது என்பதால் நெடுநேரம் ஓடினால் எப்போதாவது ஒரு 'ஓ' அல்லது ஆடியோ வறண்டதைச் சொல்லும் 'ஏயூ' வரும். அதற்குக் கவலை வேண்டாம். விநாடிக்கு விநாடி வந்தால்தான் கணக்கு தவறு.

கோப்பு சோர்ஸ் தனிக்கதை. கோப்பில் என்ன வகை இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நீங்கள் சொல்வதை நம்பும். ஆர்டிஎல் கட்டளைக் கருவி பதிவது குறியில்லா 8 பிட் எண்கள், ஐ ஒன்று க்யூ ஒன்றாக, நடுப்புள்ளி 127.5. ஹேக்ஆர்எஃப் கருவி பதிவது குறியுள்ள 8 பிட். இவற்றை காம்ப்ளெக்ஸ் கோப்பாகத் திறந்தால் சிவப்பு வராது, இரைச்சல்தான் வரும். கோப்பின் அளவை வைத்தே முன்கூட்டிச் சோதிக்கலாம்: 2400000 ரேட்டில் காம்ப்ளெக்ஸ் என்றால் விநாடிக்கு 19.2 மெகாபைட், 8 பிட் ஐக்யூ என்றால் 4.8. பத்து விநாடி பதிந்த கோப்பு 48 மெகாபைட் இருந்தால் அது எந்த வகை என்று தெரிந்துவிட்டது.

மெசேஜ் இணைப்புகள் புள்ளிக்கோடாகத் தெரியும். ஸ்ட்ரீம் உள்ளீட்டுக்கு ஒரு கோடு மட்டும். மெசேஜ் உள்ளீட்டுக்கு எத்தனையும் வரலாம். இங்கே கம்பேனியன் உள்ளடக்கத்தைத் துளியும் பார்ப்பதில்லை. எண்ணை எதிர்பார்க்கும் போர்ட்டுக்குச் சொல்லை அனுப்பினாலும் கோடு ஒழுங்காகவே இருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கோட்டுக்கும் அனுப்புவது என்ன, பெறுவது என்ன என்று பிளாக்கின் டாக்குமென்டேஷன் தாவலில் படித்து ஒப்பிடுவது தவிர வழியில்லை. கோடு வரையாமல் பெயரால் இணைக்கும் வர்ச்சுவல் சிங்க், வர்ச்சுவல் சோர்ஸ் ஜோடிகளில் ஸ்ட்ரீம் ஐடி எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பார்த்தால் போதும்.

பிறர் வரைந்த பழைய கோப்பை 3.10 பதிப்பில் திறக்கிறீர்கள் என்றால், மிஸ்ஸிங் பிளாக் என்ற சிவப்புப் பெட்டிகளை முதலில் எண்ணுங்கள். 2019-இல் வந்த 3.8-உடன் டபிள்யூஎக்ஸ் என்ற பழைய வரைகலைத் திரைகள் நீக்கப்பட்டுவிட்டன. அவற்றுக்குப் பதில் க்யூடி பிளாக்குகளை இட வேண்டும். இன்னொரு சின்ன விஷயம்: எஃப்எம் டிமாட் பிளாக்கின் டௌ (உயர் ஓசைகளைத் தணிக்கும் அளவு) கட்டத்தில் 75 மைக்ரோவிநாடி நிரம்பியிருக்கும். அது அமெரிக்க வழக்கம். இந்திய ஒலிபரப்புக்கு 50. மாற்றாவிட்டால் ஓசை சற்று மங்கலாக இருக்கும்.

பெரிய ஃப்ளோகிராஃப் என்றால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து எது எங்கே போகிறது என்றே தெரியாது. அப்போது ஓட்டுவதற்கான எஃப்6 அழுத்தாமல் எஃப்5 அழுத்துங்கள். பைத்தான் கோப்பு உருவாகும், ஓடாது. அதைத் திறந்து கனெக்‌ஷன்ஸ் என்ற பகுதிக்குப் போனால், எந்த பிளாக்கின் எத்தனையாவது போர்ட் எதன் எத்தனையாவது போர்ட்டுக்குப் போகிறது என்று ஒரு கோட்டுக்கு ஒரு வரியாக இருக்கும். எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஐ-யும் க்யூ-வும் இடம் மாறியிருப்பது, கழித்தலில் எது எதிலிருந்து கழிகிறது என்பது போன்றவை படத்தைவிட இந்த வரிகளில் தெளிவாகத் தெரியும். கட்டளை வரியில் வேலை செய்பவர்கள் இதே சோதனைக்கு ஜிஆர்சிசி கட்டளையைப் பயன்படுத்தலாம். குறை இருந்தால் பட்டியலிட்டு நின்றுவிடும்.

இவ்வளவும் பார்த்த பிறகு, டாங்கிளைச் செருகாமலே ஒரு ஒத்திகை. சோர்ஸை 'டி' விசையால் முடக்குங்கள். அதன் இடத்தில் காம்ப்ளெக்ஸ் சிக்னல் சோர்ஸும் அதே சாம்பிள் ரேட்டில் ஒரு த்ராட்டிலும் வையுங்கள். ஆடியோ சிங்க்கை முடக்கி அங்கே நல் சிங்க் வையுங்கள். இது முக்கியம், ஆடியோ சிங்க் இருந்தால் அது தன் வேகத்தைத் திணித்துத் தவறை மறைத்துவிடும். டபிள்யூபிஎஃப்எம் வெளியீட்டிலிருந்து இன்னொரு கோடு இழுத்து ஃப்ளோட் வகையில் ப்ரோப் ரேட் பிளாக்கில் இணைத்து, அதன் மெசேஜ் போர்ட்டை மெசேஜ் டீபக்கின் பிரின்ட் போர்ட்டுக்குக் கொடுங்கள். ஓட்டியதும் அந்தக் கோட்டில் விநாடிக்கு எத்தனை சாம்பிள் போகிறது என்று டெர்மினலில் வந்துகொண்டிருக்கும். 48000-ஐ ஒட்டி நின்றால் டாங்கிளைச் செருகி, முடக்கியவற்றை 'இ' விசையால் திரும்ப இயக்கி, சிக்னல் சோர்ஸையும் த்ராட்டிலையும் எடுத்துவிட்டு ஓட்டுங்கள். உங்கள் பழைய எண்களோடு இதைச் செய்தால் அங்கே 51200 என்று வரும்.